இமோ கடைக்கு ஒரு கொட்டான் கருப்பட்டி

எய்யா,

கொரியாவிலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஆயிரம் கேள்வியை இடையில் விடுகிறார், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சண்டை. உன் அடுப்படி அலமாரி மேல்தட்டில், போன சித்திரையில் நான் கொடுத்துவிட்ட பருப்புப்பொடியும் மீன்குழம்பு மசாலாவும் கட்டின நூல்கூடப் பிரிக்காமல் இருந்தது. வாராவாரம் "சமைச்சுத்தாம்மா சாப்பிடுதேன்" என்றாயே, எதை வைத்துச் சமைத்தாய்? கேட்க வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி என்னைச் சந்து முனைக் கடைக்குக் கூட்டிப்போனாய். அந்த அம்மா உன் முகத்தைப் பார்த்ததும், என்ன வேண்டும் என்றுகூடக் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

மறைப்பானேன், வயிறு எரிந்தது. நீ வேறு "இமோ, இமோ" என்று கூப்பிடுகிறாய். என்னலே அர்த்தம் என்று கேட்டால், அம்மாகூடப் பிறந்தவள், கடைக்கார அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம் என்கிறாய். 26 மணி நேரம் வண்டியும் விமானமுமாக வந்து இறங்கினவளுக்கு, நீ இருக்கிற சுவோனில் இப்படி ஒரு அக்கா இருக்கும் சேதி அப்போதுதான் தெரிகிறது.

ஆனால் கடை எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊர் மெஸ் மாதிரிதான். ஆறு மேசை, சுவரோரம் அடியிலிருந்து சூடேற்றின தரையில் உட்கார்ந்து சாப்பிட இரண்டு தாழ்ந்த மேசை. கரண்டியும் இரும்புக் குச்சியும் மேசைக்குப் பக்கவாட்டு இழுப்பறையில். தண்ணீர் நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீ சொன்ன சாப்பாட்டுக்குப் பேர் பெக்பான், அப்படியென்றால் வெறும் வெள்ளைச்சோறு என்றுதான் அர்த்தமாம். 9000 வோன், நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல், என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் தட்டுகள் வர ஆரம்பித்தன. பயறு முளைகட்டினது, கீரை, சுருட்டின முட்டை, கிம்ச்சி என்கிற அவர்கள் ஊறுகாய், சுட்ட மீன் ஒன்று. தீரத் தீர, கேட்காமலே கொண்டுவந்து வைத்தார், அதற்குத் தனிக் காசும் இல்லை.

சோற்றுக் கிண்ணம்தான் எனக்கு ஆறவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம், குழந்தைக்கு ஊட்டுகிற அளவு. 1976-ல் சோல் நகரத்தில், வாய் 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர், இதற்குமேல் சாப்பாட்டுக் கடையில் கிண்ணம் இருக்கக்கூடாது, அதிலும் தளும்ப வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்களாம், அரிசிச் செலவைக் குறைக்க. நீ சொன்னதும் உங்க ஆச்சி நினைவு வந்தது. ரேஷன் அரிசியை ஆழாக்கில் அளந்து, தலைதட்டி, அதிலும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். இரண்டாம் கிண்ணம் நான் கேட்டதற்கு நீ வெட்கப்பட்டாய். இமோ வெட்கப்படவில்லை, அவருக்குச் சந்தோஷம்.

அந்தச் சோயாக் குழம்பு வாடைக்கு முதல் நாள் மூக்கைச் சுளித்தது நிஜம். கருவாட்டுக்கூடை அடுக்கின வீட்டில் வளர்ந்தவள் அதைப் பேசலாமா என்று நீ கேட்டதும் நியாயம். மண்சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டே வந்ததை நான்காம் நாள் நானாகவே கேட்டு வாங்கினேனா இல்லையா?

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் நீ வேலைக்குப் போன பிறகு, மத்தியானம் மூன்று மணிக்கு நான் தனியாகக் கீழே இறங்கினேன். கடையில் ஆள் இல்லை. இமோ சூடான தரையில் பேப்பரை விரித்து ஒரு குவியல் நெத்திலிக் கருவாட்டோடு உட்கார்ந்திருந்தார். தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் பிளந்து, உள்ளே இருக்கிற கறுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கசப்பெல்லாம் அதில்தானே. நானும் எதிரே உட்கார்ந்தேன். "வேண்டாம்" என்கிற மாதிரி கையை ஆட்டினார். நான் கேட்கவில்லை. அவர் ஒன்று முடிப்பதற்குள் நான் இரண்டு. என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார் பாரு, அந்தச் சிரிப்பை எந்த ஊர்க்காரிக்கும் மொழிபெயர்க்க வேண்டாம்.

ஒன்று கவனித்தேன். நம் வீட்டில் பூனைக்குப் போகிற தலையை அவர் தனிக் கிண்ணத்தில் சேர்த்து வைக்கிறார். பெரிய நெத்திலியும் காய்ந்த கடல்பாசியும் கொதிக்கிற தண்ணீரில்தான் அந்தக் கடையில் எந்தக் குழம்பும் ஆரம்பிக்கிறது. பொடி நெத்திலி வேறு, அதைச் சுத்தம் செய்யாமல் அப்படியே வறுத்து, இனிப்புப் பாகு விட்டுப் பிரட்டுகிறார்.

குவியல் பாதியானபோது போனை எடுத்து அதனிடம் ஏதோ பேசினார். போன் தமிழில் சொன்னது, "உங்கள் மகன் பிறந்தநாள் கடற்பாசி சூப் இரண்டு கிண்ணம் குடித்தார்." எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுந்துபோய் ஒரு கறுப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். கையில் வாங்கினால் காய்ந்த வாழைச்சருகு மாதிரி நொறுங்கியது. நம் ராமநாதபுரம் மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கி எடுக்கிற பாசி கம்பெனிக்குப் போகும், யாரும் குழம்பு வைத்து நான் பார்த்ததில்லை. மறுபடி போனிடம் பேசினார். "தாய் குழந்தை பெற்ற பிறகு இதைக் குடிக்கிறார். ஆகவே குழந்தை பிறந்தநாளில் குடிக்கிறது."

நீ பிறந்தபோது ஆச்சி எனக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக்குழம்பும் போட்டாள். மூன்று வாரம் அதேதான். அங்கேயும் பிள்ளை பெற்றவளுக்கு இந்தச் சூப்தான் மூன்று வாரமாம், சாயந்திரம் நீதான் சொன்னாய். பரீட்சை அன்றைக்கு மட்டும் யாரும் தொடமாட்டார்களாம், வழுக்கிவிடுமாம்! ஆனால் போன பிறந்தநாளைக்கு என்ன சாப்பிட்டாய் என்று நான் போனில் கேட்டபோது "ரொட்டி" என்றவனும் நீதான். சொன்னால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று நினைத்தாயோ. நான் பெற்ற வலிக்கு, என்னைப் பார்த்தே இராத ஒருத்தர் அடுப்பு மூட்டியிருக்கிறார். அதை நீ மறைத்ததுதான் கஷ்டம்.

நான் கிளம்புகிற வாரம் முட்டைக்கோசு மாதிரி நீளக் கீரைத்தலைகளை மலையாகக் குவித்து உப்புப் போட்டு வைத்திருந்தார். கிம்ச்சி போடும் பருவம். இந்த வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள் என்று நீ சொன்னாய். நம் ஆச்சிகளின் உப்பு நாரத்தங்காயை யாரும் வந்து பார்க்கவில்லை, போகட்டும். எனக்கும் ரப்பர் கையுறை கொடுத்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

ஆகவே எய்யா, இனிமேல் சமைக்கிறேன் என்று பொய் சொல்லாதே. அங்கேயே சாப்பிடு. தனிக்கட்டைகள் வாங்கும் அந்த டப்பா நூடுல்ஸ் மட்டும் வேண்டாம். தை கடைசியில் பிறந்தநாள் வரும்போது ஒரு நாள் முன்னாடியே இமோவுக்கு நினைவுபடுத்து. மிச்சம் வைக்காமல் குடி.

பொங்கல் முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி கையில் ஒரு ஓலைக்கொட்டான் கொடுத்துவிடுகிறேன். உடன்குடிக் கருப்பட்டி. அது உனக்கில்லை. நெத்திலிப் பிரட்டலுக்குப் பாகுக்குப் பதில் இதைக் காய்ச்சி விட்டுப் பார்க்கச் சொல். கொட்டானைப் பிரிக்காமல் அப்படியே கொடு. அவர்கள் எதற்கெடுத்தாலும் கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறார்கள், இது அதற்கு மசியாது. சுத்தியல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு.

அம்மா