வில்லிசை என்று ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பங்குனி பிறந்தால் குமரி மாவட்டத்தில் கொடைக்காலம், அதாவது ஊர்ச்சாமிகளுக்கு விழா எடுக்கும் காலம். இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை நடத்தும் ஊர்களில் வரி பிரித்து, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் அச்சாரம் கொடுத்துவிடுவார்கள். நோட்டீஸில் 'இரவு வில்லிசை' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வில்லுப்பாட்டு வைக்கிறோம், ஆனால் காதில் விழும்படி வைப்பதில்லை. பிறகு, கேட்க ஆளில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

முதல் கோளாறு கூம்பு ஒலிபெருக்கி. வில்லுப்பாட்டில் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 10 அடி நீள வில்லும், அதில் தொங்கும் மணிகளும், நாணில் விழும் வீசுகோலும். ஆனால் பாட்டைத் தாங்குவது குடம். பத்தி என்ற தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் 'கும்' என்ற தணிந்த ஒலியை நம்பித்தான், கதை சொல்லிப் பாடும் தலைமைப் பாடகரான புலவர் அடியெடுக்கிறார். கூம்பு அந்தத் தணிந்த ஒலியைத் தூக்காது. மணியையும் ஜால்ராவையும் மட்டும் கிரீச்சென்று வெளியே தள்ளும். தெருமுனையில் நிற்பவருக்குத் தகரத்தில் கல் விழுவது போலத்தான் கேட்கும், எழுந்து போய்விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அரை கிலோமீட்டர் தள்ளி ஊர் எல்லையில் கட்டிய கூம்பின் சத்தம் பந்தலுக்குத் திரும்பி வர ஒன்றரை விநாடி ஆகிவிடும். தாளம் இரண்டாகக் கேட்கும். பின்பாட்டுக்காரர் எதைப் பிடிப்பார்? போதாததற்கு செட்டுக்காரர் எக்கோவைத் திருகிவிடுவார். பாட்டாவது கொஞ்சம் தாங்கும், இடையில் வரும் வசனம் ஒரு சொல்லும் விளங்காது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. பந்தலுக்குள் இரண்டு பெட்டி ஸ்பீக்கர், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே, பாடுவோரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து. புலவருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, குடத்தின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி ஒன்று. வில்லுக்கும் ஜால்ராவுக்கும் மைக் வேண்டாம். அவை தானாகவே எல்லா மைக்கிலும் ஏறிவிடும். எக்கோவை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். பாட்டு நடக்கும்போது சீரியல் லைட்டுக்காரரின் சினிமாப் பாட்டும் நிற்க வேண்டும். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பல கொடைகளில் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன.

அடுத்தது நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு அரசு விலக்கு அளித்தாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. விடிய விடியப் பாடிய கலைக்கு இது இடிதான். ஆனாலும் குழுவை 6 மணிக்கு வரச்சொல்லி, பாராட்டும் பொன்னாடையும் முடித்து எட்டரைக்கு வில்லைத் தொடச் சொன்னால் குற்றம் விதியுடையது அல்ல. அப்போது புலவருக்கு வேறு வழியில்லை. வசனத்தைக் குறைப்பார், பின்பாட்டு திரும்பி வருவதைக் குறைப்பார், சாமி வரவேண்டிய வரத்துப் பாட்டை மட்டும் விடாமல் பாடி முடிப்பார். கதை தெரிந்த கிழவிக்குப் போதும். பேரப்பிள்ளைக்கு யார் யாரை ஏன் கொன்றார் என்றே தெரியாது.

கதையைச் சுருக்காதீர்கள், பிரியுங்கள். கொடைக்கு முந்தின நாள் சாமியை அழைக்கும் குடியழைப்பு அன்று ஒரு பகுதி, கொடையன்று மதியம் ஒன்று, இரவு ஒன்று. முத்துப்பட்டன் கதையை எடுத்தால், பிராமணனான அவன் செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா திம்மக்காவைக் காட்டில் கண்டு, பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்க உட்காருவது வரை ஒரு நாள் தாராளமாகப் போகும். மாடு பிடிக்க வந்த கள்ளரோடு சண்டையும் சாவும் மறுநாள். முதல் நாள் கேட்டவர் மறுநாள் தானாக வருவார். கோயில் சாமிக்கு உரிய கதையை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்பதைப் புலவரிடமே கேளுங்கள். பூசையோடு சேர்ந்த பகுதிகளை நம் வசதிக்கு நகர்த்த முடியாது.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-இல் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மேடைக்கும் வானொலிக்கும் ஒரு மணி நேர வில்லுப்பாட்டு பொருந்தும். அந்த அளவை அப்படியே கொடைக்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

மக்களுக்குப் பொறுமை இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பில் கார்த்திகையில் 17 நாள் அகிலத்திரட்டைப் படிக்கும் திருஏடு வாசிப்பு நடக்கிறது, சனம் உட்கார்ந்து கேட்கிறது. மார்கழிப் பனியில் வீடு வீடாகக் கேரல் பாடப் போகும் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டினாலும் பாட்டு நிற்பதில்லை. கூடிப் பாடுகிற, கூடிக் கேட்கிற பழக்கம் இந்த மாவட்டத்தில் போய்விடவில்லை. வில்லுக்கு மட்டும் பாயை விரிக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியை 20 அடி தள்ளிப் போட்டிருக்கிறோம். முன்வரிசையைத் தரையில் உட்கார வையுங்கள். பிள்ளையார் காப்பு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கடைசி வாழி ஆகியவை எல்லோரும் சேர்ந்து பாடக் கூடியவை. புலவரிடம் சொன்னால் முதலில் ஒரு முறை பாடிக்காட்டிச் சேர்த்துக்கொள்வார். சாமி பிறக்கும் இடத்தில் குரவை போடப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடை இல்லாத நாட்களுக்கும் ஒரு வழி சொல்கிறோம். வாசகசாலையிலோ கோயில் நடையிலோ வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆறு பேர் போதும். முதலிலேயே வில் வாங்கி விடாதீர்கள். வாங்கிய வில் பரணில்தான் கிடக்கும். குடத்தில் தொடங்குங்கள். மண்பானைக் கடையில் கழுத்து ஒடுங்கிய, நன்றாக வெந்த குடமாகப் பார்த்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுக்கலாம், பொத்தென்றால் எங்கோ கீறல் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் ஒலி அமுங்கும், ஒருநாள் விரிசலும் விடும். அடியில் வைக்கோல் பிரிமணை வேண்டும். கமுகம்பாளையை இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்தால் பழகுவதற்கு ஏற்ற பத்தி கிடைத்துவிடும். குடத்தின் வாயில் தட்டையாக அடித்து உடனே எடுக்க வேண்டும். அடித்த பத்தி அங்கேயே ஒட்டி நின்றால் 'கும்' செத்துவிடும். முதல் மாதம் எல்லோரும் செய்கிற தவறு இதுதான். மற்றக் கையில் சிறு கட்டையால் குடத்தின் பக்கத்தில் தட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குழுவாகப் பாடும்போது வேகம் தானாகக் குறையும். ஒருவர் வாயைப் பார்த்து மற்றவர் பாடுவதால் வருவது அது. ஜால்ராக்காரரை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள், சிறிய ஜால்ராவாகக் கொடுங்கள். சுருதி பிடிக்க, பாட்டின் உச்ச வரியை முதலில் பாடிப் பாருங்கள். வயதானவருக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே தொண்டை திணறினால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொண்டு தொடங்கலாம். உடுக்கைத் தோல் மழைக்காலத்தில் தளர்ந்துவிடும். நமக்குத்தான் இரண்டு பருவமழையாயிற்றே! லேசான சூடு காட்டினால் போதும், அடுப்புக்கு மேல் பிடித்தால் கிழியும். பாட நா. வானமாமலையும் அ.கா. பெருமாளும் பதிப்பித்த கதைப்பாடல்கள் நூலகங்களில் கிடைக்கும். முழுக் கதைக்கு ஆசைப்படாமல், நாற்பது ஐம்பது வரியை இரண்டு மாதம் பாடுங்கள். இளவட்டங்கள் அதிகமிருந்தால் கம்படித்து ஆடும் களியலும் சேர்க்கலாம். ஆனால் அதில் கம்பு வேகமாகும் கட்டத்துக்கு முதல் மாதமே போனால் விரல் போகும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொடை விழாச் செய்திகளில் அன்னதானம் எத்தனை மணிக்கு, வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்று விவரமாக வெளியிடுகிறீர்கள். வில்லுப்பாட்டுக்கு மட்டும் 'இரவு வில்லிசை'யோடு நின்றுவிடுகிறது. என்ன கதை, எந்தப் பகுதி, புலவர் யார், எத்தனை மணிக்குத் தொடக்கம் என்று நான்கு விவரம் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வில்லுப்பாட்டு ரசிகர்கள் சிலர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.