தாடை சிகிச்சைக்கு முன் தந்த கணிப்புப் படம் குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

தாடை ஆபரேஷனுக்குப் பிறகு என் தங்கையின் முகம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணித்த படத்தை உங்களிடம் பணம் கட்டி வாங்கினோம். நீங்கள் கேட்டபடி பக்கவாட்டு எக்ஸ்ரேயும் போட்டோக்களும் அனுப்பினோம்.

ஆபரேஷனில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கீழ்த்தாடையைக் கோவை டாக்டர்கள் பின்னுக்குத் தள்ளிப் பல்வரிசையைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது முன்பல்லாலேயே வர்க்கியைக் கடிக்கிறாள். எங்கள் வீட்டில் அது பெரிய சந்தோஷம்.

குறை உங்கள் படத்தில்தான். மோவாய் படத்தில் உள்ளபடியே இருக்கிறது, கீழுதடு அப்படி இல்லை. படத்தில் மெலிந்து உள்ளடங்கியிருக்கும் உதடு, நேரில் தடித்து, லேசாக வெளியே மடிந்திருக்கிறது. வீக்கம் என்று சொல்லிவிடாதீர்கள். அது முழுதாக வடிய ஓராண்டு வரை ஆகலாம் என்றார்கள், அதுவும் தாண்டிவிட்டது.

அவளுக்குப் பல்லில் கிளிப் போட்ட டாக்டரிடம் கேட்டோம். எலும்பு பின்னால் போனால் மோவாய்ச் சதை கிட்டத்தட்ட அதே அளவு கூடவே போகும், உதடு அப்படிப் போகாது என்றார். உதட்டின் தடிமன், தசையின் இழுப்பு, பல்லின் சாய்வு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எக்ஸ்ரேயை வைத்துக் கணிக்கும் மென்பொருளோ முன்பு சிகிச்சை பெற்றவர்களின் சராசரியைக் கொண்டு உதட்டை நகர்த்துகிறது. அதனால் கீழுதட்டில்தான் அதிகம் தவறுமாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலிருந்து நேர்முகத்தைக் கணிக்கவும் முடியாதாம்.

இதையே தொழிலாகச் செய்யும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? அப்புறம் ஏன் 'சிகிச்சைக்குப் பின் உங்கள் முகம்' என்று பெரிதாக அச்சிட்டு, ஓரத்தில்கூட ஒரு எச்சரிக்கை போடாமல் அனுப்பினீர்கள்? ஆபரேஷனுக்கு முந்தைய இரவு அவள் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றும் போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நாங்கள் சொன்னால் காதில் ஏறுவதில்லை.

கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். அவளுடைய போட்டோவையும் எக்ஸ்ரேயையும் அழித்துவிட்டதாக எழுதித் தாருங்கள். இனி யாருக்குப் படம் கொடுத்தாலும், உதடு எதுவரை மாறலாம் என்று இரண்டு மூன்று சாத்தியங்களையாவது காட்டுங்கள். இது தோராயக் கணிப்பு, டாக்டரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது என்று படத்தின் மேலேயே தமிழில் அச்சிடுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைதான் எங்களுக்கு முக்கியம்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட ஆணையத்திலேயே, ஊட்டியில், மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
சிகிச்சை பெற்றவரின் அண்ணன்