மார்லோ யார் என்று கேட்டவர்கள்

அன்புள்ள தோழிக்கு,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்றார்களாமே, இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே எல்லோரும் சுகம்.

இப்போது என் மனசு முழுக்க ஹாலி ஃபிளானகன்தான். 1890இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பிறந்தவர். கணவரைக் காசநோய் கொண்டுபோனது, சில ஆண்டுகளில் மூத்த மகனும் போய்விட்டான். இளையவனை வளர்த்துக்கொண்டே நாடகம் பயின்று, வாசர் கல்லூரியில் ஆசிரியையானார்.

1935இல், நாடே வேலையில்லாமல் திண்டாடிய நேரத்தில், ரூஸ்வெல்ட் அரசு வேலையிழந்த நாடகக்காரர்களுக்காக ஃபெடரல் தியேட்டர் திட்டத்தைத் தொடங்கி அவரிடம் ஒப்படைத்தது. நடிகர்கள், தையல்காரர்கள், மேடைத் தச்சர்கள் என்று உச்சக்கட்டத்தில் 12,000 பேருக்கு மேல் சம்பளம் கிடைத்தது. டிக்கெட் மலிவு, பல இடங்களில் இலவசம். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் கறுப்பின நடிகர்களே நடித்த ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்', இயக்கியவர் பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான ஆர்சன் வெல்ஸ், அப்போது இருபதே வயது! முதல் நாள் கூட்டத்தில் தெருவே அடைபட்டுப் போனது. அதே ஆண்டு, 1936 அக்டோபரில் ஒரு பாசிச எதிர்ப்பு நாடகத்தைப் பல ஊர்களில் ஒரே இரவில் மேடையேற்றினார்கள். நியூயார்க்கில் யூதர்கள் பேசும் யித்திஷ் மொழியில்கூட, புளோரிடாவின் டாம்பாவில் ஸ்பானிஷில். அந்தந்த மக்களின் மொழியிலேயே போய்ப் பேசவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் இந்தத் திட்டத்தின் மேல் கம்யூனிஸ்ட் சந்தேகப் பார்வை விழுந்தது. 1938 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. பழைய கட்டுரை ஒன்றில் மார்லோவின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். "யார் அந்த மார்லோ, கம்யூனிஸ்டா?" என்று கேட்டார் அலபாமா உறுப்பினர் ஸ்டார்ன்ஸ். ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்தைய காலத்தின் தலைசிறந்த நாடகாசிரியர் என்று பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார் ஹாலி. அறை முழுக்கச் சிரிப்பு. இந்தப் பதிலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் தான் சிரிக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்: எட்டாயிரம் பேரின் வேலை போய்விடுமே என்ற கவலைதான் அப்போது அவருக்கு.

போகத்தான் செய்தது. 1939 ஜூன் 30உடன் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. நான்கே வருடம். எனக்கு மனசு ஆறவே இல்லை.

நீ எத்தனையோ வருடம் மேடைக்குப் பின்னால் உழைத்தவள். அரசுப் பணத்தில் நாடகம் போட்டால் வாயைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டுமா? கண் சரியானதும் விரிவாக எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி