சனிக்கிழமை வகுப்புக்கு

பிள்ள, உன்ர மெசேஜ் பாத்தன். மெல்பேர்ன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில எட்டு ஒன்பது வயசுப் பிள்ளையளுக்கு உன்னை வரலாறு எடுக்கச் சொல்லிப்போட்டினமாம், எங்க தொடங்கிறது எண்டு கேட்டிருக்கிறாய். எல்லாளன், சங்கிலியன் எண்டு அரசர்மாரை வரிசையாத் தொடங்கிடாத. அந்த வயசில எல்லாளனும் டைனோசரும் ஒரே காலம் தான். இங்கயும் அப்பிடித்தான், கொழும்பு வெள்ளவத்தையில நான் படிப்பிக்கேக்க ஒரு பொடியன் "டீச்சர், நீங்க சின்னப்பிள்ளையா இருக்கேக்க போர்த்துக்கீசர் இருந்தவையோ" எண்டு கேட்டவன், பகிடிக்கு இல்ல, உண்மையாவே கேட்டவன்.

இங்க அஞ்சாம் வகுப்பு வரைக்கும் வரலாறு தனிப்பாடம் இல்லத்தானே, சுற்றாடல் பாடத்துக்குள்ள கொஞ்சம் வரும், ஆறாம் வகுப்பில தான் தனிப் புத்தகம். அதால நான் என்ர பாட்டுக்குச் செய்வன். ஒரு நீளக் கயிறு, பத்து வருஷத்துக்கு ஒரு சாண். பிள்ளை பிறந்த வருஷத்தில ஒரு கிளிப், அம்மா பிறந்ததில ஒண்டு, அம்மம்மா பிறந்ததில ஒண்டு. 1948, சுதந்திரம், எட்டுச் சாண் கூட வராது. 1505, போர்த்துக்கீசர் கொழும்புக்கு வந்தது, அம்பத்திரண்டு சாண், கயிறு கதவால வெளிய கொரிடோருக்குப் போயிடும், அப்ப தான் அதுகளுக்கு "ஆ" எண்டு விளங்கும். வருஷத்தப் பாடமாக்கச் சொல்லாத, தூரம் தெரிஞ்சா காணும்.

பிறகு ஒரு சாமானக் காட்டு. எங்கட கொழும்பு மியூசியத்தில இருக்கிற காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டு ஞாபகமோ, சீனக் கடற்தளபதி செங் ஹ 1409ல எழுதுவிச்சது, 1911ல காலியில கண்டெடுத்தது. சீனத்தில புத்தருக்கு, தமிழில விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு, பொன், வெள்ளி, பட்டு எண்டு காணிக்கைப் பட்டியல். "சீனாக்காரன் ஏன் தமிழில எழுதினவன்" எண்டு கேட்டுப்போட்டு நீ பேசாம இரு, அதுகளே கப்பல், யாவாரம், துறைமுகம் எண்டு வந்து சேரும். "அப்ப சிங்களம் எங்க" எண்டும் ஒரு பிள்ளை கேக்கும், நல்ல கேள்வி, மூடி வைக்காத.

83 கலவரம் பற்றிப் பிள்ளையள் கேட்டாச் சொல்லலாமோ எண்டது தான் உன்ர பெரிய யோசனை போல. கேட்டாச் சொல்லு. முக்கால்வாசிப் பிள்ளையள்ட தாத்தா பாட்டி அதுக்குப் பிறகு தானே வெளிக்கிட்டவை, வீட்டில அரைகுறையாக் காதில விழுந்திருக்கும். எரியிற படங்கள் ஒண்டும் காட்டாத. 1983 ஆடியில கொழும்பில கும்பல் கும்பலா வந்து தமிழாக்கள்ட வீடு கடையள எரிச்சவங்கள், கன சனம் செத்தது, அரசாங்கம் காப்பாத்தேல்ல, கன பேரைக் கப்பலில காங்கேசன்துறைக்கு அனுப்பினவை எண்டு இவ்வளவும் எட்டு வயசுக்குத் தாங்கும். எங்கள ஒளிச்சு வச்ச பக்கத்து வீட்டு அங்கிள் சிங்களவர் எண்டதையும் சொல்லு, ஆனா அத மட்டும் சொல்லி மற்றத மழுப்பாத, அது நடந்தவைக்குச் செய்யிற நியாயம் இல்ல. "சிங்களவர் செய்தவை" எண்டு மொத்தமாவும் சொல்லிடாத. உன்ர வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில சிங்களப் பிள்ளை இருக்கும், திங்கக்கிழமை அதோட தான் விளையாடப் போகுது.

பரீட்சை இல்லையோ எண்டு தாய்தகப்பன் வந்து நிப்பினம், வீட்டில தாத்தா பாட்டியிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வரச் சொல்லிவிடு, அது தான் ஹோம்வேர்க். கல்வெட்டுப் போட்டோ வட்ஸ்அப்பில போடுறன், அப்பா எடுத்தது, கொஞ்சம் மங்கல்.

அம்மா