வார இறுதிச் செடிச் சந்தையில் வாங்கிய மூன்று செடிகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வணிக வளாக நிர்வாகம்

பொருள்: இசட் இசட், ஹோயா, ஒட்டு ரோஜா மூன்றுக்கும் பணம் திரும்பக் கோருதல், தொலைபேசியில் உங்கள் ஊழியர் பேசிய விதம்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக நான் அனுப்பும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஏழு வாரமாகிறது. ரசீதின் நகலையும் பதினான்கு படங்களையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்த முறையாவது திறந்து பாருங்கள்.

முதலில் அந்த வெள்ளைக் கூழாங்கல். தரைத்தளச் சந்தையில் உள்ள பீங்கான் தொட்டிகளின் மேல் பரப்பிய கற்கள் எல்லாமே பசை போட்டு ஒட்டியவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழகுக்காகவும் கொண்டுபோகும்போது சிந்தாமல் இருக்கவும் ஒட்டுகிறார்கள். ஆனால் வாங்குபவர் விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்க்க அதனால் வழியில்லாமல் போகிறது. வேருக்குக் காற்றும் போகாது. “உள்ளே நர்சரித் தொட்டி தனியா இருக்கு, அதுல ஓட்டை இருக்கு” என்று கடையில் சொன்னார்கள். உள்ளே அப்படி எதுவும் இல்லை. வடிகால் துளையே இல்லாத பீங்கானில் நேரடியாகக் கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூளை) அடைத்து நட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு மாலை வாங்கிய இசட் இசட் செடியின் ஒரு தண்டு புதன் காலையில் சாய்ந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதன் அடிப்பகுதி கஞ்சி போலக் குழைந்து பழுப்பாக இருந்தது. கற்களைத் திருப்புளியால் பெயர்த்து எடுத்துக் கவிழ்த்தால் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, சாக்கடை நாற்றம். நான்கு கிழங்குகளில் மூன்று அழுத்தினால் அமுங்குகின்றன, ஒன்று மட்டும் உருளைக்கிழங்கு போல உறுதியாக இருந்தது. இந்த மூன்று நாளில் அந்தத் தொட்டியில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

இசட் இசட் தண்ணீரைத் தன் கிழங்கிலேயே சேமித்து வைக்கும் செடி. தொட்டி மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர், வீட்டுக்குள் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். கிழங்கு இந்த அளவுக்கு அழுக மூன்று நாள் போதாது, வாரக்கணக்கில் ஊறியிருக்க வேண்டும். விற்கும்போதே அது அழுகிய செடிதான். வெளியே இலை பளபளப்பாக நிற்கும், ஏனென்றால் இலைக்காம்பிலும் ஈரம் இருக்கிறது. வேர் செத்தாலும் இலைக்குச் செய்தி போக நாளாகும். செடி விற்கும் நிறுவனத்துக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

இதைச் சொல்லத்தான் உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் பாதியிலேயே மறித்துச் சொன்ன வார்த்தைகள் அப்படியே: “செடின்னா சாகத்தான் செய்யும். தண்ணி ஊத்தத் தெரியாதவங்க பிளாஸ்டிக் செடி வாங்கிக்க வேண்டியதுதானே?” சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அழைப்பு பதிவாகும் என்று நீங்களே தொடக்கத்தில் அறிவிக்கிறீர்கள். பதிவை எடுத்துக் கேளுங்கள். அழைத்த நேரம் படத்தில் இருக்கிறது.

ரசீதின் பின்பக்கம் “ஏழு நாள் மாற்று உத்தரவாதம், விற்ற கடையிலேயே, செடியுடன் நேரில்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை, அதாவது ஆறாம் நாள், வந்தேன். அந்தக் கடை இல்லை. முதல், மூன்றாம் வாரக் கடைசியில் மட்டும்தான் அவர்கள் வருவார்களாம். அப்படியென்றால் ஏழு நாளுக்குள் அந்தக் கடையிடம் திரும்பி வர யாராலும் முடியாது. கடைக்காரரைப் போனில் பிடித்தால், “பில் மால் பேர்ல இருக்கு, அவங்கதான் தரணும்” என்கிறார். உங்கள் மேசையில் கேட்டால், “நாங்க இடம் மட்டும்தான் தர்றோம்” என்கிறார்கள். பணத்தை வாங்கியது யார்?

அந்தச் சனிக்கிழமையை மறக்க முடியாது. மண் சிந்தும் என்று முன்வாசல் காவலர் உள்ளே விடவில்லை. இரண்டாம் அடித்தளச் சரக்கு வாசலுக்குப் போகச் சொன்னார். அங்கே “விற்பனையாளர் பாஸ்” கேட்டார்கள். இல்லை என்றதும் மறுபடி முன்வாசலுக்கு. செடியோடு வந்தால்தான் மாற்றுவீர்கள், செடியோடு வந்தால் உள்ளே விடமாட்டீர்கள். இரண்டரை மணி நேரம், மூன்று தொட்டி, இரண்டு கையும் வலி. கடைசியில் செடிகளைக் காவலரிடம் விட்டுவிட்டு மூன்றாம் தளத்தில் உள்ள உங்கள் மேசைக்கு ஏறி வந்தால், “செடியைக் காட்டாம எப்படிப் பதிவு பண்றது?” என்று கேட்கிறார்கள்.

ஆனால் அந்த அலைச்சலில்தான் காரணத்தைக் கண்ணால் பார்த்தேன். சரக்கு வாசலுக்குப் பக்கத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அறுபது எழுபது தொட்டிகள். அதே வெள்ளைக் கல், அதே அட்டை. “அது அடுத்த முறை மேல போற செடிங்க” என்றார் காவலர். இரண்டு வாரம் ஒரு குழல்விளக்கு வெளிச்சத்தில், வண்டிப் புகையில்! புகையில் எத்திலீன் வாயு இருக்கிறது. அது பட்டால் ரோஜா இலை மஞ்சளாகி உதிரும், மொட்டு விரியாமலே விழும். இருட்டில் செடி தண்ணீர் உறிஞ்சுவது குறையும், ஊற்றியது அப்படியே தங்கி வேரை அழுக்கும். சனிக்கிழமை காலையில் மேலே கொண்டுவந்து, பச்சையாகத் தெரிவதற்காகக் குழாயால் ஒரு குளியல், இலைக்குப் பளபளப்புத் திரவம் ஒரு பூச்சு. தண்ணீர் ஊற்றத் தெரியாதவர்கள் யார் என்று அந்த ஊழியரை அடித்தளத்துக்கு இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோயா கொடிக்கு வருகிறேன். பளபளப்புத் திரவம் காய்ந்ததும் இலைக்கணுக்களில் பஞ்சு போல வெள்ளையாகத் தெரிந்தது. மாவுப்பூச்சி. தொட்டியை உருவிப் பார்த்தால் உள்சுவர் முழுக்க அதே வெள்ளைப் பொடி, வேரிலும் இருக்கிறது. அது மற்ற செடிகளுக்கும் பரவி என் தோட்டமே நாசமாகிவிட்டது. பதினோரு தொட்டிகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் காதுபஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு கணுவாகத் துடைப்பது, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளிப்பது. ஒரு முறை அடித்தால் போதாது. தப்பிய முட்டைகள் அடுத்த ஒன்று இரண்டு வாரத்தில் பொரிக்கும் என்பதால் ஏழு நாளுக்கு ஒரு முறை, குறைந்தது நான்கு முறை. வேரில் உள்ளதற்கு மண் முழுவதையும் கொட்டிவிட்டு வேரைக் கழுவி மாற்ற வேண்டும். பல வருட உழைப்பு ஒரே செடியால் போனது. இதை எந்த ரசீதில் ஈடுகட்டப் போகிறீர்கள்?

ஒட்டு ரோஜாவில் மொட்டு ஒட்டின இடத்தில் பிளாஸ்டிக் நாடாவைப் பிரிக்காமலே விற்றிருக்கிறார்கள். தண்டு பருத்து, நாடா சதையை அறுத்து உள்ளே புதைந்திருக்கிறது. அதற்குக் கீழிருந்து, வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியாக இருக்கும் காட்டு ரோஜாவில்) இரண்டு தளிர்கள் தடியாகக் கிளம்பி முழுச் சத்தையும் இழுத்துக்கொள்கின்றன. ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா என்பார்கள், அதை மட்டும் நம்பக் கூடாது. தளிர் ஒட்டுக்குக் கீழே எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கத்தரியால் நறுக்கினால் அடிக்கண்ணிலிருந்து மறுபடி முளைக்கும், முளைத்த இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும். இந்தச் செடியில் பிய்த்ததும் மேலே மிஞ்சியது காய்ந்த குச்சிதான். ஒட்டுக்கிளை என்றோ செத்துவிட்டது.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்தையில் நல்ல செடிகளும் வருகின்றன, நல்ல கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கடைசி வரிசையில் இருந்த கள்ளிக் கடைக்காரர் தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டித்தான் விற்றார். அவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை? அதே வரிசையில் இன்னொரு கடையில், பிலோடென்ட்ரான் செடி வகைகளில் பிங்க் காங்கோவைப் பிங்க் பிரின்சஸ் என்று எழுதி வைத்திருந்தார்கள். பின்னதில் கரும்பச்சை இலையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் இலைக்கு இலை மாறும், அது செடியின் இயல்பு. முன்னதில் முழு இலையும் இளஞ்சிவப்பாக இருப்பது நர்சரியில் ரசாயனம் கொடுத்து வரவழைத்த நிறம், புது இலை பச்சையாகத்தான் வரும். வாங்கியவர்கள் சில மாதத்தில் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

நான் கேட்பது: மூன்று செடிகளுக்கும் தொட்டிகளுக்கும் முழுப் பணம். அந்த ஊழியரின் வார்த்தைகளுக்கு எழுத்தில் மன்னிப்பு, “வருந்துகிறோம்” என்ற பொதுவரி வேண்டாம். உத்தரவாத நாளை அந்தக் கடை அடுத்த முறை வரும் நாள் வரை நீட்டுங்கள். தொட்டிக்குத் துளை போடச் சொல்லுங்கள், கல்லை ஒட்டக் கூடாது. அடித்தளத்தில் இருக்கும் செடிகளை வெயிலும் காற்றும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். கடைசி இரண்டுக்கும் செலவு மிகக் குறைவு.

இந்தக் கடிதம் கிடைத்து பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், படங்களும் ரசீதும் மின்னஞ்சல்களும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும். அழைப்புப் பதிவையும் அங்கே கேட்டு வாங்குவேன். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: உறுதியாக இருந்த அந்த ஒரு கிழங்கை மட்டும் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பாதி பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைத் துகள்) கலந்த மண்ணில், துளையுள்ள தொட்டியில் நட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு முளை வந்திருக்கிறது. பதினான்காவது படம் அதுதான். அந்த ஊழியரிடம் காட்டவும்.