டயர் செயின் பெட்டியை இப்போதே பிரி

அன்பு மகளே,

கிறிஸ்துமஸ் லீவுக்குச் சாக்ரமெண்டோவிலிருந்து மலைமேல் உள்ள டாஹோ ஏரிக்குக் காரிலேயே போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் செயின் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறாய், பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றும் சொன்னாள். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கிளம்புமுன் வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பார். காஷ்மீரில் கான்வாயில் லாரி ஓட்டிய காலத்தில் பார்த்திருக்கிறேன், விரல் மரத்துப்போனால் தெரிந்த வேலையே ஓடாது. தெரியாத வேலையை அங்கே போய்ப் படிக்க முடியுமா? காசு கொடுத்தால் வழியில் மாட்டிவிட ஆள் உண்டு என்றாயாம். அவர் நிற்கிற இடத்தில்தான் பனி கொட்டும் என்று யார் சொன்னது?

முதலில் டயர் பக்கவாட்டில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா பார். கார் புத்தகத்தையும் புரட்டு. சில வண்டிகளுக்குச் செயினே கூடாது என்று போட்டிருப்பான். நாங்கள் லாரிக்குப் பின் சக்கரத்தில் போடுவோம். உன் காரை இழுப்பது முன் சக்கரம், அதனால் முன்னால்தான் போட வேண்டும். செயினைத் தரையில் விரித்து முறுக்கைப் பிரி. கொக்கியின் வாய் வெளிப்பக்கம் பார்க்கட்டும், உள்ளே திரும்பினால் டயரைக் கிழிக்கும். மேலிருந்து போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் வெளிப்பக்கம். கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு இறங்கி மறுபடியும் இறுக்கு. இந்த இரண்டாவது இறுக்கத்தைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுவார்கள். தளர்ந்த செயின் மட்கார்டை அடித்து நொறுக்கிவிடும்.

ரோட்டில் ஆர்-2 பலகை இருந்தால் செயின் போட்டாக வேண்டும் என்று அர்த்தம்; நாலு சக்கரமும் இழுத்து நாலிலும் பனி டயர் உள்ள வண்டிக்குத்தான் விலக்கு. உன் வண்டிக்குக் கிடையாது. ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கில்லை; பெரும்பாலும் அதற்குள் ரோட்டையே மூடிவிடுவார்கள். மூடினால் திரும்பி வந்துவிடு, ஏரி எங்கேயும் போகாது.

செயினோடு 30 மைல் வேகத்தைத் தாண்டாதே. முன்னால் மட்டும் செயின் இருப்பதால் இறக்கத்தில் சட்டென்று பிரேக் மிதித்தால் பின்பக்கம் வீசும். கியரைக் குறைத்து இறங்கு. மாப்பிள்ளை ஓட்டினாலும் இதே கதைதான், சொல்லிவிடு. பனி இல்லாத ரோடு வந்ததும் ஓரமாக நிறுத்திக் கழற்றிவிடு.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவை. அங்கே பனி உருக ரோட்டில் உப்புப் போடுவார்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கடலோரக் குளச்சலில் பிறந்தவளுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அம்மா முந்திரிக்கொத்து பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். கையுறை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள், தண்ணீர் இறங்காத வகையாக. கம்பளியில் வாங்காதே, நனைந்தால் கை விறைத்துவிடும்.

அன்புடன்,
அப்பா