போஸ்ட்மேன் பாட்டு

நாஷ்வில், டென்னசி
ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே அம்மாவும் நீங்களும் நலம்தானே? போனில் சொன்னால் "சரி, சாப்பிட்டியா?" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் பாட்டுத்தான். பிராட்வே தெருவில் மத்தியானமே கடைக்குக் கடை மைக்கைப் பிடித்துக் கத்துகிறார்கள். நம்மூர்க் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரே தேவலை. எனக்கு ஒட்டவே இல்லை. ஆபீசுக்கு என்னைக் காரில் கூட்டிப்போகும் பெரியவர் ஒருநாள் ஜான் ப்ரைன் என்பவர் பாட்டைப் போட்டார். ஒரு கிட்டார், கரகரத்த குரல், அவ்வளவுதான். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. யார் என்று கேட்டேன். "போஸ்ட்மேன்" என்றார்.

நிஜமாகவே போஸ்ட்மேன், அப்பா! சிகாகோ பக்கம் மேவுட்டில் 1946-இல் பிறந்தவர். தபால் பீட் நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவாராம். குளிர்காற்று தாங்காத நாளில், தபால் கட்டுகளை வைக்கும் தெருவோர இரும்புப் பெட்டிக்குள் ஒடுங்கிக்கொண்டு சாப்பிடுவாராம்.

அவர் பாட்டு ஒன்றில் வயதான புருஷன் பெண்டாட்டி. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர். ஒருவன் கொரியப் போரில் செத்துவிட்டான். இருவருக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லை. இதை எழுதும்போது இவருக்கு இருபத்துச் சொச்சம் வயதுதான். குரலில் அழுகையே இல்லை, அதுதான் என்னவோ செய்கிறது. மணியார்டர் கொடுக்கப் போய் மேலத்தெரு ஆச்சியிடம் அரைமணி நேரம் கதை கேட்டுவிட்டு வருவீர்களே, அது ஞாபகம் வந்தது.

1998-இல் கழுத்தில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இன்னும் இறங்கிவிட்டது. எனக்கு அந்தக் குரல்தான் பிடித்திருக்கிறது. 2020-இல் கொரோனாவில், இதே ஊரில் போய்விட்டார்.

அவர் அப்பாவின் பூர்வீகம் கென்டக்கி. அங்கே ஆற்றங்கரையில் பாரடைஸ் என்று ஒரு கிராமம், பேரே சொர்க்கம். சுற்றிலும் நிலக்கரி தோண்டி, அனல்மின் நிலையமும் வந்து, கடைசியில் ஊரே இல்லாமல் போனது. அதை அப்பாவுக்காகப் பாட்டாக்கி, டேப்பில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அப்பா எழுந்து பக்கத்து அறை இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, கடையில் பாட்டுப்பெட்டியில் ஓடுகிற மாதிரி கேட்க ஆசை என்றாராம். அந்தப் பாட்டு 1971-இல் இசைத்தட்டாக வருமுன்பே அவர் இறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பாட்டைப் போடுகிறேன். அர்த்தம் நான் சொல்கிறேன். வேண்டுமானால் போனைக் கூடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் அடுப்படியில் இருந்து கேளுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கினீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மகன்